ஒரு பொருளுக்கு இரு வழி: தெரிவு செய்வது கணனியா, நாமா?

கிராமத்து உற்பத்தி ஒருபோதும் ஒரே வழியில் நடந்ததில்லை. நெல் அவிப்பதற்கு ஒரு வீட்டில் குளிர்ந்த நீரில் ஊறவைப்பார்கள். அடுத்த வீட்டில் சுடுநீரில் ஊறவைத்து வேலையைச் சுருக்கிக்கொள்வார்கள். தேங்காயைக் கொப்பராவாக்க வெயில் இருந்தால் முற்றம் உண்டு. மழை வந்தால் சூளை உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு அல்லது மூன்று வழிகளைக் கையில் வைத்திருந்ததனாற்றான் எம்மவர்கள் மழையையும் வறட்சியையும் விலைவீழ்ச்சியையும் தாண்டி வந்திருக்கிறார்கள். எந்த நாளில் எந்த வழி என்பதைத் தீர்மானித்தது வானத்தையும் கையிருப்பையும் வேலைக்கு வந்திருப்போரையும் ஒருசேரப் பார்த்த அனுபவம்.

இன்று சிறு உற்பத்தி நிலையங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணனிவழித் திட்டமிடல் வந்து சேர்கிறது. கொள்வனவாளர்கள் முறையான பதிவுகளைக் கேட்கிறார்கள். கடன் வழங்கும் நிறுவனங்கள் உற்பத்தித் திட்டத்தைக் கேட்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருட்களும் உள்ளன. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை இப்போதே கேட்டுவைக்கவேண்டும். இரு வழிகளில் செய்யப்படும் பொருள் கணனிக்குள் போகும்போது ஒரு வழி மட்டும் உள்ளே போய், மற்றையது வெளியே நின்றுவிட்டால் என்ன நடக்கும்? எத்தனை தேங்காய் வாங்குவது, எத்தனை நாள் பிடிக்கும், யாருக்கு வேலை கிடைக்கும் என்பவை எல்லாம் இந்தக் கேள்வியிலேயே தங்கியிருக்கின்றன.

எம்.ஆர்.பி. என்பது என்ன?

எம்.ஆர்.பி. என்றதும் பொதிகளின்மேல் அச்சிடப்படும் உயர்ந்தபட்ச சில்லறை விலையை வாசகர்கள் நினைக்கவேண்டாம். இங்கு நாம் பேசுவது மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் பற்றியது. அமெரிக்காவில் ஜே.ஐ. கேஸ் என்ற விவசாய இயந்திர நிறுவனத்திலும் பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்திலும் பணியாற்றிய யோசப் ஓர்லிக்கி என்பவர் 1960களில் இம்முறையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர். 1975இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

அவருடைய கருத்து எளிமையானது. விற்கப்படும் பொருளுக்கு எவ்வளவு தேவை வரும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்பொருளைச் செய்யத் தேவையான பாகங்களை ஊகிக்கவேண்டியதில்லை, கணக்கிட்டுவிடலாம். 200 கதிரைகளுக்குக் கட்டளை வந்தால் 800 கால்கள் வேண்டும். கையில் 150 கால்கள் இருந்தால் மேலும் 650 செய்யவேண்டும். கதிரை பூட்ட மூன்று நாட்களும் கால் கடைய ஐந்து நாட்களும் பிடிக்குமானால், கையளிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி எட்டு நாட்களுக்கு முன்பே மரம் வந்து இறங்கவேண்டும்.

இக்கணக்குக்கு இரண்டு பட்டியல்கள் தேவை. முதலாவது, ஒரு பொருளுக்கு எவை எவை எவ்வளவு வேண்டும் என்று கூறும் பொருட்பட்டியல். இரண்டாவது, எந்த வேலை எந்த ஒழுங்கில், எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்று கூறும் வேலைமுறைப் பட்டியல். இவ்விரண்டும் கையிருப்புக் கணக்கும் சரியாக இருந்தால் மென்பொருள் சில வினாடிகளில் முழுத் திட்டத்தையும் தந்துவிடும். இவற்றில் ஒன்று பிழையானாலும் பிழையான திட்டத்தையே தரும். அத்திட்டம் அழகாக அச்சிடப்பட்டு வருவதால் பலர் அதனைச் சந்தேகிப்பதில்லை என்பதே ஆபத்து.

ஒரு வழி மட்டும் அறிந்த பட்டியல்

கொப்பராவை எடுத்துக்கொள்வோம். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களை உள்ளடக்கிய தென்னை முக்கோணத்திலும், வடக்கே பளைப் பகுதியிலும் இது தெரிந்த தொழில். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த நீரை நூற்றுக்கு 6 வீதமளவுக்குக் குறைத்தாற்றான் நல்ல கொப்பரா. வெயிலில் உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். சிரட்டையை எரித்து உலர்த்தும் சூளையில் ஏறத்தாழ நான்கு நாட்களில் முடிந்துவிடும். உலகெங்கும் தென்னை நூல்களில் இச்சூளை இலங்கையின் பெயராலேயே அறியப்படுகிறது.

இரண்டின் முடிவும் கொப்பராதான். ஆனால் பொருட்பட்டியலில் அவை ஒன்றல்ல. வெயில்முறையில் எரிபொருள் எதுவுமில்லை. சிரட்டை முழுவதும் மிஞ்சும். அதனைக் கரியாக்கி விற்கலாம். சூளைமுறையில் சிரட்டையின் ஒரு பகுதி எரிந்துபோகும். வெயில்முறைக்குப் பரந்த முற்றமும், காயவைக்க, புரட்ட, மழைக்கு அள்ளி மூடப் பல கைகளும் வேண்டும். சூளைக்குக் குறைந்த ஆட்கள் போதும். ஆனால் இரவிலும் நெருப்பைக் கவனிக்க ஒருவர் விழித்திருக்கவேண்டும். மழைக்காலத்து முற்றத்தில் ஒரு பகுதி பூஞ்சணம் பிடித்து வீணாகும். நன்கு பார்க்கப்பட்ட சூளையில் அச்சேதம் குறைவு. எனவே, தேவைப்படும் தேங்காய், நாட்கள், ஆட்கள், மிஞ்சும் உபபொருள் ஆகிய நான்குமே முறைக்கு முறை மாறுகின்றன.

மென்பொருளில் ஒரே பட்டியலை மட்டும் பதிந்தால், மற்றைய முறையில் வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் கணக்குப் பிழைக்கும். சூளையை மட்டும் பதிந்துவிட்டு முற்றத்தில் உலர்த்தினால், எரியாத சிரட்டையை எரிந்ததாகக் கணனி கழித்துவிடும்; களஞ்சியத்தில் இருப்பது திரையில் இராது. முற்றத்தை மட்டும் பதிந்துவிட்டுச் சூளையில் உலர்த்தினால், கரி வியாபாரிக்கு இல்லாத சிரட்டையை விற்க ஒப்புக்கொண்டவர்களாவோம்.

எண்களால் ஒரு பரீட்சை

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தேங்காயின் பருமன் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதால் ஒவ்வொரு நிலையமும் தன் சொந்த எண்களை இங்கு இட்டுப் பார்க்கவேண்டும்.

30 நாட்களில் 1,000 கிலோ எண்ணெய் கொடுக்கவேண்டும். 100 கிலோ கொப்பரா 60 கிலோ எண்ணெய் தருமென்றால் ஏறத்தாழ 1,667 கிலோ கொப்பரா வேண்டும். ஒரு கிலோ கொப்பராவுக்கு 6 தேங்காய் எனில் ஏறத்தாழ 10,000 தேங்காய். மட்டை உரித்து உடைக்கத் தொடங்குவதற்கு 2 நாட்களையும், இறுதியில் எண்ணெய் பிழிவதற்கு 3 நாட்களையும் ஒதுக்குவோம். சூளை ஒரு தடவைக்கு 2,000 தேங்காய் கொள்ளும். ஏற்றி இறக்கும் நேரத்துடன் 5 நாட்கள். முற்றம் ஒரு தடவைக்கு 3,000 தேங்காய் கொள்ளும், 7 நாட்கள்.

சூளை மட்டும் என்றால் ஐந்து தடவைகள், 25 நாட்கள். மற்றைய 5 நாட்களையும் சேர்த்தால் சரியாக 30. ஒரு நாள் தவறினாலும் வாக்குத் தவறும். முற்றம் மட்டும் என்றால் நான்கு தடவைகள், 28 நாட்கள். மொத்தம் 33, தவணைக்கு முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால் என்ன? 14 நாட்களில் முற்றத்தில் இரு தடவைகளாக 6,000, அதற்குள்ளேயே சூளையில் இரு தடவைகளாக 4,000. 10,000 தேங்காயும் முடிந்துவிடும். மொத்தம் 19 நாட்கள். மழைக்கென 11 நாட்கள் கையில் மிஞ்சும்.

இரு முறைகளும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஒன்றின் குறையை மற்றையது நிரப்புகிறது. ஆனால் ஒரு முறையை மட்டும் அறிந்த மென்பொருள் இந்த 19 நாள் வழியை ஒருபோதும் காட்டாது.

அதிலும் மோசமான இன்னொரு குறை உண்டு. பழைய எம்.ஆர்.பி. கணக்கு இடத்தின் கொள்ளளவைப் பார்ப்பதில்லை. சூளையில் உலர 5 நாட்கள் என்று எழுதியிருந்தால், 2,000 தேங்காய்க்கும் 5 நாட்கள், 10,000 தேங்காய்க்கும் அதே 5 நாட்கள் என்றே அது எண்ணும். ஒலிவர் வைற் போன்றோர் முன்னின்று வளர்த்த எம்.ஆர்.பி. இரண்டு என்ற அடுத்த வடிவம் கொள்ளளவையும் கணக்கில் சேர்த்தது. ஆயினும் இன்றும் பல மென்பொருட்களில் கொள்ளளவைப் பார்ப்பது தனியான ஒரு படிதான். அந்தப் படியைச் செய்யாமல் விட்டால், சூளை எத்தனை தேங்காய் கொள்ளும் என்பதை அறியாத திட்டமே கையில் வரும்.

இனி மழையையும் சேர்ப்போம். முற்றத்தில் பத்துக்கு ஒன்று வீணாகுமானால், முற்றத்து முறைக்கு 10,000 தேங்காய் போதாது. ஏறத்தாழ 11,100 வேண்டும். வெயில்காலத்துப் பட்டியலைக் கொண்டு மழைக்காலத்தில் தேங்காய் வாங்கினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட காய்கள் குறைந்துபோகும். அவற்றைக் கடைசி வாரத்தில் சந்தை விலைக்கு ஓடி வாங்கவேண்டிவரும்.

எது மாற்றுமுறை, எது வேறு பொருள்?

இரண்டாவது வழியைப் பதியமுன் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும்: முடிவில் வருவது உண்மையில் ஒரே பொருள்தானா? வாங்குபவர் வெயிலில் உலர்ந்த வெண்ணிறக் கொப்பராவையும் சூளையில் பழுப்பேறிய கொப்பராவையும் ஒரே விலைக்கு ஏற்பாரானால் அவை ஒரே பொருளின் இரு முறைகள். விலையும் வாங்குபவரும் வேறுபட்டால் அவை இரு பொருட்கள். தனித்தனிக் குறியீடும் கையிருப்பும் வேண்டும். பச்சைப் பருப்பிலிருந்து நேரடியாக எடுக்கப்படும் எண்ணெய் கொப்பரா எண்ணெயின் மாற்றுமுறை அல்ல. அது தனிப் பொருள், அதற்குச் சந்தையும் தனி. இதனைக் குழப்பினால் இல்லாத பொருளை இருப்பதாக எண்ணி விற்றுவிடுவோம்.

வேறொரு சிக்கல் எம்மவரின் வேலைப் பழக்கத்திலிருந்தே எழுகிறது. இரண்டு நாள் முற்றத்தில் காயவைத்து, வானம் கறுத்ததும் அள்ளிச் சூளையில் ஏற்றுவது வழக்கம். மென்பொருளோ, வேலைக்கட்டளை எழுதப்படும்போதே முறையைக் கேட்டுவிடுகிறது. பாதி வழியில் முறை மாறினால் அதற்குக் கணக்கு எழுத இடமில்லை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அரைவாசி உலர்ந்த பருப்பை ஓர் இடைநிலைப் பொருளாகப் பதிந்துவிடவேண்டும். முதல் வேலைக்கட்டளை அரையுலர் பருப்புடன் முடியும். அடுத்த கட்டளை முற்றமா சூளையா என்பதை அன்றைய வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். எண்ணெயின் பொருட்பட்டியலைத் தொடவேண்டியதில்லை; அதற்குக் கொப்பரா என்று மட்டும் தெரிந்தாற்போதும். வழிகள் எந்தப் படியில் பிரிகின்றனவோ அந்தப் படியிலேயே தெரிவை வைக்கவேண்டும் என்பது இதன் பொதுவிதி. அவ்வாறு செய்யாமல் மேற்படியில் வைத்தால் இரண்டு முறைக்கு இரண்டு எண்ணெய், மூன்று முறைக்கு மூன்று எண்ணெய் என்று பட்டியல்கள் பெருகி, அவற்றைத் திருத்துவோர் களைத்துப்போவார்கள்.

மென்பொருட்கள் என்ன செய்கின்றன?

மாற்றுமுறைகளைப் பதியும் வசதி புதியதல்ல. ஜேர்மனியில் 1972இல் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளில், ஒரு பொருட்பட்டியலையும் ஒரு வேலைமுறைப் பட்டியலையும் இணைத்து உற்பத்திப் பதிப்பு என்று பெயரிடுகிறார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும், எந்த அளவு முதல் எந்த அளவு வரை பொருந்தும் என்று எழுதலாம். ஒரு பொருளின் தேவையைப் பல வழிகளுக்கு இன்ன விகிதத்தில் பங்கிடு என்று கூறவும் முடியும். 2015இல் வெளிவந்த எஸ்/4ஹானா பதிப்பிலிருந்து, தேவைத் திட்டமிடலுக்கு உற்பத்திப் பதிப்பைப் பதிவது கட்டாயமாயிற்று. ஆனால் இது பெருநிறுவனங்களுக்குரிய செலவு.

சிறு நிலையங்களுக்குத் திறந்த மூலநிரலுடைய மென்பொருட்கள் உண்டு. மும்பாயிலுள்ள நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், பெல்ஜியத்தில் பிறந்த ஓடூ ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. இரண்டிலும் ஒரு பொருளுக்குப் பல பொருட்பட்டியல்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தானாகத் திட்டமிடும்போது முன்னையது வழமைப் பட்டியல் என்று குறிக்கப்பட்டதை எடுத்துக்கொள்ளும். பின்னையது வரிசையில் முதலாவதாக நிற்பதை எடுத்துக்கொள்ளும். மற்றையது வேண்டுமானால் திட்டமிடுபவர் கைகொண்டு மாற்றவேண்டும், அல்லது ஒரு தேவையை இரண்டு வேலைக்கட்டளைகளாகப் பிரித்து எழுதவேண்டும்.

இது ஒரு சிறு தொழில்நுட்ப விபரம் போலத் தோன்றலாம். எமது பார்வையில் முழு விடயமும் இங்குதான் இருக்கிறது. எது வழமை, எது முதலாவது என்று ஒருநாள் ஒருவர் ஓர் அடையாளம் இட்டுவிடுகிறார். பயிற்சிக்கு வந்த ஆலோசகராக இருக்கலாம். தரவு பதிய வந்த இளைஞராக இருக்கலாம். அதன்பின் வரும் நூற்றுக்கணக்கான வேலைக்கட்டளைகள் அந்த ஓர் அடையாளத்திலிருந்து பிறக்கின்றன. அதுபற்றி எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. எந்த அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை.

விலை எழுதப்படாதவை

அந்த அடையாளம் பெரும்பாலும் எதன்மேல் இடப்படுகிறது? மலிவான முறையின்மேல். மலிவு என்பதை நாம் குறைகூறவில்லை. சிறு நிலையம் நட்டத்தில் ஓடமுடியாது. ஆனால் மலிவு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று கேட்கவேண்டும். பட்டியலில் விலை எழுதப்படாத எதுவும் கணனிக்கு இலவசம்.

சூளையில் எரியும் சிரட்டை எங்கள் தேங்காயிலிருந்தே வந்தது என்று சொல்லி அதற்குப் பூச்சியம் ரூபா எழுதினால், கரியாக விற்றிருக்கக்கூடிய பணம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். சூளை உண்மையிலும் பார்க்க மலிவாகத் தோன்றும். இரவுமுழுதும் நெருப்புப் பார்த்தவருக்கு மேலதிக வேளைக் கொடுப்பனவு எழுதப்படாவிட்டாலும் அதேதான்.

மறுபுறமும் உண்டு. கொப்பராவை வீட்டு முற்றங்களுக்குக் கொடுத்து உலர்த்தி வாங்கும் இடங்களில், புரட்டுவதும் காகம் விரட்டுவதும் மழைக்கு அள்ளுவதும் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் செய்யும் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை மட்டும் கொடுக்கப்பட்டால் அவர்களுடைய மணித்தியாலங்கள் எந்தப் பட்டியலிலும் வராது. அப்போது வெயில்முறை மலிவாகத் தோன்றும். அந்த மலிவு அவர்களுடைய முதுகிலிருந்து வந்தது.

ஆகவே, முதலில் இரு பட்டியல்களிலும் எல்லாவற்றுக்கும் நேர்மையான விலை எழுதப்படவேண்டும். சிரட்டைக்குச் சந்தை விலை. உழைப்புக்கு உண்மையான நேரமும் கூலியும். சேதத்துக்குப் பருவத்துக்கேற்ற வீதம். அதன்பின் ஒப்பிட்டால் வருகின்ற விடை எதுவாயினும் அதனை நாம் நம்பலாம்.

தெரிவு யாருடையது?

சூளை மலிவு என்று விடை வருகிறதென வைத்துக்கொள்வோம். அதனை வழமை முறையாக அடையாளமிட்டால் அடுத்த திங்கள் முதல் முற்றத்துக்கு வேலைக்கட்டளை வராது. யாரும் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, கடிதம் கொடுக்கவில்லை, பேச்சுவார்த்தை நடத்தவில்லை. நாட்கூலிக்கு வந்த பத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். இன்றைக்கு வேலை இல்லை, கணனியில் வரவில்லை என்று சொல்லப்படும். பதில் சொல்லவேண்டிய மனிதர் இல்லாமலே ஒரு தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. இதனையே நாம் ஆட்சேபிக்கிறோம். எம்.ஆர்.பி. கணக்கிடும் கருவி. எவருக்கு வேலை கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அதனிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அதனை ஒப்படைக்காமலே அது கைமாறிவிடுகிறது.

அதேவேளை இரக்கத்தின் பெயரால் எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியல்ல. பளைப் பகுதியில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. அக்காலத்தில் முற்றத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் ஈரம் போகாத கொப்பராவில் பூஞ்சணம் ஏறும். சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அந்நஞ்சு காணப்பட்டமை நாடெங்கும் பேசப்பட்டதை வாசகர்கள் அறிவர். அதன்பின் எண்ணெய் வாங்குபவர் எவரும் இதனை அலட்சியம் செய்வாரென எண்ணமுடியாது. ஒரு தொகுதி திருப்பியனுப்பப்பட்டால் முற்றத்தில் நிற்பவருக்கும் வேலை இல்லை, சூளையில் நிற்பவருக்கும் வேலை இல்லை.

ஒரே முறையில் முழுவதும் தங்கிநிற்பதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டு எமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எரிபொருளுக்கு வரிசையில் காத்துநின்றோம். மின்சாரத்தில் மட்டும் தங்கியிருந்த வேலைகள் நின்றன. வெயிலையும் சிரட்டையையும் கைகளையும் கொண்டு செய்யக்கூடிய வேலைகளுக்கு இன்னொரு வழி இருந்தது. மலிவான ஒரு முறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றையதைக் கைவிட்டால் பட்டியலில் இருந்து ஒரு வரி மட்டும் போகவில்லை; அந்த வேலையை அறிந்த கைகளும் போய்விடுகின்றன. மீண்டும் தேவைப்படும் நாளில் அவற்றைக் கணனியால் வரவழைக்க முடியாது.

சிறிய நிலையத்துக்கு இவ்வளவு எதற்கு, ஒரு கொப்பி போதாதா என்று சிலர் கேட்பர். பல இடங்களில் போதும். நாமும் அதனை ஏற்கிறோம். ஒரு சூளை, ஒரு முற்றம், மாதம் ஒரு கட்டளை என்றால் கொப்பியே நன்று. ஆனால் அந்தக் கொப்பியிலும் இரு முறைகளும் இரு பக்கங்களில் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஒருவரின் தலையில் மட்டும் இருக்கும் அறிவு அவர் நோயுற்ற நாளில் உதவாது. நாளை கணனி வரும்போது அந்த இரு பக்கங்களும் அப்படியே உள்ளே போகட்டும்.

செய்யக்கூடியவை

எமது நிலையங்களுக்கும் அவற்றுக்கு ஆலோசனை கூறுவோருக்கும் பின்வருவனவற்றை முன்வைக்கிறோம்.

1. மென்பொருளைத் தெரியுமுன், ஒரே பொருளுக்குப் பல முறைகளைப் பதிய முடியுமா, ஒரு தேவையைப் பங்கிட முடியுமா என்று கேட்டு, எமது பொருளொன்றை வைத்தே செய்துகாட்டச் சொல்லவேண்டும்.

2. பட்டியல்களை எழுத அமர்பவர்களுள் அந்த வேலையைச் செய்பவர்களும் இருக்கவேண்டும். எவ்வளவு சேதம், எவ்வளவு நேரம் என்பது முற்றத்தில் நிற்பவருக்கே தெரியும்.

3. ஒவ்வொரு முறைக்கும் பருவத் தேதி எழுதவேண்டும். ஆனால் மழை நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. தேதி ஒரு தொடக்கம் மட்டுமே. வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் பார்த்துத் திருத்தவேண்டும்.

4. முற்றத்துக்கு இவ்வளவு, சூளைக்கு இவ்வளவு என்ற பங்கீட்டைச் சங்கத்தின் கூட்டத்திலே தீர்மானித்து, அறிக்கையில் எழுதி, பின்னர் கணனியில் பதியவேண்டும். முற்றத்தைப் பேணுவதற்குச் சிறிது கூடிய செலவாகுமானால் அச்செலவையும் வெளிப்படையாக எழுதட்டும். மறைத்த செலவைக் காட்டிலும் தெரிந்து ஏற்ற செலவு நல்லது.

5. வழமை முறையை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்று பெயர் குறிப்பிடவேண்டும். மாற்றிய நாளையும் காரணத்தையும் பதியவேண்டும்.

6. வேலைக்கட்டளை தமிழில் அச்சிடப்பட்டு, எந்த முறை தெரிவுசெய்யப்பட்டது என்ற வரியுடன் வேலையிடத்தில் ஒட்டப்படவேண்டும். வாசிக்க முடியாத கட்டளையைக் கேள்விகேட்க எவராலும் முடியாது.

7. வேலை முடிந்தபின் உண்மையில் எந்த முறை, எத்தனை நாள், எவ்வளவு சேதம் என்று எழுதி, பட்டியலைப் பருவத்துக்கு ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. தேவைப்படுவது, பட்டியல் எழுதப்படும் அந்த ஒரு மாலையை முக்கியமான மாலையாகக் கருதும் மனநிலை. மென்பொருள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதிலளித்துவிட்டு எழும்பினால், அது கேட்காத கேள்விகளுக்கு அதுவே பதில் வைத்துக்கொள்ளும். எமது நிலையங்களில் எதிர்வரும் ஆண்டுத் திட்டத்தைத் தயாரிப்போர், ஒரே ஒரு பொருளையாவது எடுத்து, அதன் எல்லா வழிகளையும் எழுதி, எல்லாவற்றுக்கும் விலை இட்டு, எது வழமை என்பதை உறுப்பினர் முன்னிலையில் தீர்மானித்துப் பார்க்கட்டும். பெறுபேறுகளை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால் ஏனைய நிலையங்களுக்கும் பயன்படும்.